பழைய காரின் முகப்புப் பலகை

பழம்பொருளைப் பழுது பார்ப்பதா, மாற்றிவிடுவதா என்னும் வினா பெரும்பாலும் கோயில்களையும் மாளிகைகளையும் பற்றியே எழுவதுண்டு. எனக்கோ அது ஒரு மோட்டார் காரைப் பற்றி எழுந்தது.

1962ஆம் ஆண்டில், தாய்நாடு திரும்பிய தோட்டத்துரை ஒருவரிடம் என் தந்தையார் ஒரு பழைய ஆங்கிலேய விளையாட்டுக் காரை வாங்கினார். ஐவர் கொண்ட எங்கள் குடும்பத்துக்கு அதில் இருந்தவை இரண்டே இருக்கைகள்! பாடசாலை ஆசிரியருக்கு இது எதற்கு என்று கண்டி நகரமே கேட்டது. அவர் அதைப் பந்தயத்தில் ஓட்டியவரல்லர். நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி நடைபெறும் நாளில் என்னை அருகில் அமர்த்திக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போவார், அவ்வளவுதான். அந்தக் கார் இப்பொழுது என்னிடம் இருக்கின்றது.

அண்மையில் அதன் டாஷ்போர்ட் இடமிருந்து வலமாக வெடித்துவிட்டது. இச்சொல்லின் வரலாறு சுவையானது. குதிரையின் குளம்படியிலிருந்து தெறிக்கும் சேறு வண்டியில் இருப்போர்மீது படாதவாறு முன்னே வைத்த பலகைக்கே முதலில் அப்பெயர் வழங்கியது. குதிரை போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது. பின்னாளில் வேகமானி முதலிய கருவிகள் அந்த இடத்திலே குடியேறின. ஆங்கிலேயர் தம் விளையாட்டுக் கார்கள் சிலவற்றில் அதனை மரத்தால் அழகுபடுத்தினர். ஆஸ்டின்-ஹீலி 3000 காரின் மூன்றாம் வகையும், 1965இல் வெளிவந்த ட்ரயம்ப் டி.ஆர்.4ஏ காரும் இதற்குச் சான்றுகள்.

ஆனால் அப்பலகை முழுவதும் ஒரே மரமன்று. அடியில் இருப்பது ஒட்டுப்பலகை. அதன்மேல் ஒட்டியிருப்பது வால்நட் மரத்தின் மெல்லிய தோல். அதற்கும் மேலே வார்னிஷ். மரம் ஈரத்தை உண்டு பருக்கும், காய்ந்தால் சுருங்கும். வார்னிஷ் முதுமையடைந்து இறுகியபின் அந்த அசைவுக்கு இணங்குவதில்லை. கண்டியின் மழைக்கால ஈரத்தையும், கண்ணாடியூடே விழும் நண்பகல் வெயிலையும் மாறி மாறித் தாங்கும் பலகை என்றோ ஒருநாள் வெடிக்கத்தானே செய்யும்?

இலண்டனில் வாழும் என் மகன் செய்தி கேட்டதும், “புதுப் பலகை ஆயத்தமாகவே விற்கிறார்கள், அப்பா. அனுப்பிவிடுகிறேன். பழையதைக் கழற்றி எறிந்துவிடுங்கள்” என்றான். நியாயமான பேச்சாகவே பட்டது. ஆயினும் கழற்றுவதற்கு ஒருவர் வேண்டுமே! எம்பக்கைப் பக்கத்துத் தச்சர் ஒருவரை அழைத்து வந்தேன்.

எம்பக்கைத் தேவாலயத்தின் செதுக்குத் தூண்களை வாசகர்களுட் பலர் கண்டிருப்பீர்கள். அங்கே 26 கைமரங்களை ஒரே மர ஆணியில் கோத்து நிறுத்திய கூரையையும் கண்டிருப்பீர்கள். அந்தக் கூரையைப் பார்த்து வளர்ந்தவர் நம் தச்சர்.

முதலில் பற்றரியின் இணைப்பைத் துண்டித்தோம். ஒவ்வொரு வயருக்கும் துண்டுச் சீட்டுக் கட்டினோம். மானிகளைப் பின்புறமிருந்து பிடித்திருந்த சிறு திருகுகளை விரலாலேயே தளர்த்தினோம். பலகை கையோடு வந்தது. அதைத் திருப்பிப் பார்த்த தச்சர், “மாத்தயா, இதை முன்பே ஒருவர் திருத்தியிருக்கிறார்” என்றார்.

சுக்கானுக்குப் பின்னால் மறைந்திருந்த மூலையில், ஒரு சாண் நீளத்துக்கு வால்நட் இல்லை. நெதுன் என்னும் நம் நாட்டு மரம் இழைத்துப் பொருத்தப்பட்டிருந்தது. இத்தனை ஆண்டுகள் அதன் முன்னே அமர்ந்திருந்தும் நான் அதை அறியவில்லை! பலகையின் பின்புறத்தில் பென்சிலால், என் தந்தையாரின் கையெழுத்தில், ஒவ்வொரு துளைக்கும் பக்கத்திலே தமிழ்ப் பெயர்: வேகமானி, எண்ணெய் அழுத்தம், விளக்கு. கீழே 1966 என்று ஆண்டு. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி இறுகியிருந்த காலம் அது. இலண்டனிலிருந்து பலகை வரவழைக்கும் எண்ணமே அவருக்கு எழுந்திராது. கிடைத்த மரத்தைக் கொண்டு தாமே தச்சரானார் போலும்.

எறிந்துவிட இருந்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாதிருந்தேன்.

அப்பொழுது ஆனந்த குமாரசுவாமியை நினைத்துக்கொண்டேன். கனிப்பொருளாய்வுக்காக இந்நாட்டில் பணியாற்றிய அந்தத் தமிழ்ப் பெருமகன், கண்டிப் பிரதேசத்துப் பழங்கட்டடங்களைக் காக்குமாறு வேண்டி 1905இல் கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலில் இப்பகுதிக் கைவினைஞரின் தொழில்முறைகளை விரித்துரைத்தார். பொருளைக் காப்பதும் அதைச் செய்யும் கையைக் காப்பதும் வேறு வேறல்ல என்பதே அவ்விரண்டையும் படித்து நான் கொண்ட பாடம். புதிய பலகை வந்தால் கார் அழகு பெறும். தச்சருக்கு வேலை இராது. தந்தையாரின் எழுத்தும் குப்பைக்குப் போகும்.

பழுது பார்ப்பதென்று முடிவாயிற்று. கெட்ட வார்னிஷை மெல்லச் சுரண்டி எடுத்தார். தூக்கி நின்ற மரத்தோலுக்கு அடியில் பசையைச் செலுத்தி, மேலே சமப்பலகை வைத்து இறுக்கி, இரண்டு நாள் விட்டுவைத்தார். வெடிப்பை மக்குப் பூசி அடைக்க அவர் இசையவில்லை. மயிரிழை போல் சீவிய மரத்துண்டுகளைக் கோடு கோடாகப் பதித்தார். பின்பு அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பஞ்சுத்துணியால் தேய்த்தார். மாத்தளையின் ஹபுவிடக் கிராமத்தார் நகத்தால் இழுத்துச் சித்திரம் செய்யும் அந்த அரக்கின் உறவுதான் இதுவும். ஆனால் அரக்கு வெப்பத்துக்கும் நீருக்கும் அஞ்சும். ஆதலால் அதன்மேல் வெயில் தாங்கும் படகு வார்னிஷ் பூசினோம்.

எல்லாவற்றையும் பழையபடியே வைத்தோமெனக் கூற மாட்டேன். துணி சுற்றிய வயர்கள் இற்றுப்போயிருந்தன. அவற்றை முற்றாக மாற்றிவிட்டோம். தீப்பிடிக்கக்கூடிய இடத்தில் பழமைப் பற்றுக்கு இடமில்லை. அவ்வாறே, பிற்காலக் கார்களின் பிளாஸ்டிக் பலகைகளுக்கும் இம்முறை பொருந்தாது. அங்கே பஞ்சுபோன்ற நுரையின்மேல் போர்த்திய தோல், தன்னை நெகிழ்வாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பொருளை வெயிலில் இழந்து வெடிக்கின்றது. வெடிப்பு மிகுந்தால் அதை மாற்றுவதே அறிவுடைமை. எதைக் காப்பது, எதை விடுவது என்பதைப் பொருளே நமக்குச் சொல்லும். திருப்பிப் பார்க்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

இப்பொழுது பலகை தன் இடத்திலே இருக்கின்றது. கூர்ந்து நோக்கினால் வெடிப்பின் தடம் மெல்லிய கோடாகத் தெரியும். மகனுக்குப் படம் அனுப்பினேன், முன்புறத்தையன்று, பின்புறத்தை. நெடுநேரம் கழித்து, “நல்ல வேளை” என்று இரண்டே சொற்களில் பதில் வந்தது.

பலகையைப் பூட்டுமுன் தச்சர் என்னிடம் பென்சிலை நீட்டினார். தந்தையாரின் எழுத்துக்குக் கீழே, எந்த மரம், எந்தப் பசை, எந்த ஆண்டு என்று எழுதிவைத்தேன். அடுத்துத் திறப்பவருக்கு அது உதவும்.