நம் தராசு எப்பக்கம் சாய்கிறது?

“என் சுபாவமே அப்படித்தான்” என்று ஒருமுறையேனும் சொல்லாதவர் நம்மில் யார்? ஒப்புதல் போலத் தொடங்கும் அச்சொல் பல வேளைகளில் சாக்குப்போக்காக முடிகிறது. பிறரைக் குறித்துச் சொல்லும்போதோ அதுவே தீர்ப்பாகிவிடுகிறது. மூத்தவனுக்கு ‘வாயில்லாப் பூச்சி’ என்றும் இளையவளுக்குத் ‘துடுக்கு’ என்றும் வீட்டில் பெயரிட்டுவிட்டோமானால், பிறகு அவர்கள் எதைச் செய்தாலும் அப்பெயருக்குள்ளேயே அடக்கிக் காண்கிறோம்.

மனிதரை வகைபிரித்துப் பார்க்கும் ஆசை மிகப் பழமையானது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், உடலிலுள்ள நால்வகை நீர்களின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு குணவேறுபாட்டை விளக்க முயன்றார். நம் சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என மூன்றைக் கூறும். ‘பித்தம் தலைக்கேறிவிட்டது’ என்று இன்றும் சொல்கிறோமே!

இக்காலத்தில் பெரிதும் வழங்கும் முறைக்கு வித்திட்டவர் சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் கார்ல் யுங். உளவியல் வகைகளைப் பற்றிய அவரது நூல் 1921-இல் வெளிவந்தது. அதைக் கற்றுத் தேர்ந்த அமெரிக்கப் பெண்மணி கேத்தரின் பிரிக்ஸும், அவர் மகள் இசபெல் மையர்ஸும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒரு வினாத்தாளை அமைக்கத் தொடங்கினர். இருவரும் உளவியலில் பட்டம் பெற்றவர்கள் அல்லர். பலரோடு பழகுவதில் ஊக்கம் பெறுகிறவரா, தனிமையில் பெறுகிறவரா? கண்கூடான விவரங்களை நம்புகிறவரா, உள்ளுணர்வைப் பின்பற்றுகிறவரா? முடிவெடுக்கையில் தர்க்க நியாயத்தை முதலில் பார்க்கிறவரா, பிறர் மனத்தைப் பார்க்கிறவரா? காரியத்தை உடனே முடித்து வைக்க விரும்புகிறவரா, கடைசிவரை முடிவைத் தள்ளி வைக்கிறவரா? இந்நான்கு இணைகளும் கலந்து பதினாறு வகைகள் பிறக்கின்றன.

‘எனியகிராம்’ எனும் ஒன்பது வகை முறை மற்றொன்று. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலுள்ள இயேசு சபையினர் சிலரின் வழியாக அது தியான இல்லங்களுக்குள் பரவிற்று. அதனை ஆன்மீக வளர்ச்சிக்குரிய வழியாகக் கொண்டால் விசுவாசத்தில் தெளிவின்மை நுழையும் என்று 2003-இல் வத்திக்கான் வெளியிட்ட ஏடொன்று எச்சரித்திருப்பதையும் நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம்.

எச்சரிக்கைக்கு உளவியலிலேயே காரணம் உண்டு. 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் எனும் அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, பின்னர் ஒவ்வொருவரிடமும் அவரவர் குணவிவரம் என்று ஒரு தாளைக் கொடுத்தார். எத்துணைப் பொருத்தம் என்று ஐந்துக்கு மதிப்பெண் இடும்படி கேட்டபோது சராசரி நான்குக்கு மேல் வந்தது. உண்மையில் எல்லாருக்கும் அவர் கொடுத்தது ஒரே விவரந்தான்! அதுவும் சோதிட நூலொன்றிலிருந்து திரட்டியது. மையர்ஸ்-பிரிக்ஸ் வினாத்தாளையே சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதினால் வேறு வகையில் விழுகிறவர்களும் பலர். நடுக்கோட்டருகே நிற்பவரையும் அது இப்பக்கம் அல்லது அப்பக்கம் தள்ளிவிடுகிறது. ஆகவே வரன் பார்க்கும்போது இவ்வகைகளைப் பொருத்திப் பார்ப்போமாயின், ஜாதகக் கட்டத்தை விட்டு வேறொரு கட்டத்துக்குள் நுழைந்தவர்களாவோம்.

அப்படியாயின் இவற்றால் பயனே இல்லையா? என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளி ஆசிரியனாயிருந்த காலத்தில், உடன் பணியாற்றிய ஒருவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டேன். “ஒரு நாள் பொறுங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லக்கூடாதா?” என்று மனைவி கேட்டாள். எதிரில் நின்றவர் முகத்தைப் பார்த்தபின் எனக்கு நாவெழவில்லை. அவர் கட்டத் தவறினார். நான்காண்டுகள் என் சம்பளத்தில் பிடித்தம் ஆயிற்று. மகளின் திருமணத்துக்கென்று சேர்த்ததும் கரைந்தது. பல ஆண்டுகள் கழித்துத் தம்பதியருக்கான கருத்தரங்கு ஒன்றில் இத்தகைய வினாத்தாளை எங்களிடம் கொடுத்தார்கள். நான் பிறர் மனம் பார்க்கிறவன் என்றும், அவள் நியாயம் பார்க்கிறவள் என்றும் வந்தது. அவள் சிரித்துவிட்டு, “இருபது வருஷமா நான் சொல்றதைத்தானேங்க இந்தத் தாளும் சொல்லுது?” என்றாள். உண்மைதான். ஆயினும் அவள் சொன்னபோது அது எனக்குக் குறைகூறலாகப் பட்டது; தாளில் கண்டபோது எரிச்சலின்றி யோசிக்க முடிந்தது. அவளது கண்டிப்பைக் கல்நெஞ்சம் என்று நான் எண்ணி வந்ததும் அன்றே தளர்ந்தது.

சாய்வு தெரிந்தபின் செய்ய வேண்டியது என்ன? இதற்கு வினாத்தாளைவிடத் தெளிவாக வழிகாட்டுகிறவர் புனித இஞ்ஞாசியார் என்பது என் எண்ணம். 1521-இல் பம்ப்லோனாவில் குண்டடிபட்டு, லொயோலாவில் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது, வீரப் புகழைப் பற்றிய கனவுகள் இனித்துப் பின் வெறுமையை விட்டுச் செல்வதையும், புனிதரைப் பற்றிய எண்ணங்கள் நிறைவை விட்டுச் செல்வதையும் அவர் கவனித்தார். அவருடைய ஆன்மீகப் பயிற்சிகள் 1548-இல் அச்சாயின. முன்பின் அறியாத ஒருவர் இதே சிக்கலுடன் வந்தால் அவருக்கு என்ன சொல்வாய் என்று அதில் கேட்கிறார். மரண வேளையில் எம்முடிவை எடுத்திருக்க விரும்புவாய் என்றும் கேட்கிறார். இருபக்க நன்மை தீமைகளையும் நிறுத்துப் பார்க்கச் சொல்கிறார். மனச்சோர்வின் வேளையில் முன்னெடுத்த முடிவை மாற்றாதே என்கிறார். மனம் ஒரு பக்கம் முறையின்றிச் சாய்ந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் முயலச் சொல்வதும் அவர் வழி. முகத்துக்கு அஞ்சும் என்னைப் போன்றவர்க்கு அந்த ‘அறியாத ஒருவர்’ பெருந்துணை. அவருக்கு முகமில்லை அல்லவா?

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் மீண்டும் ஜாமீன் கேட்டு வந்தார். ஒரு நாள் தவணை கேட்டேன்; அதைச் சொல்வதற்கே வியர்த்தது. இரவு ஒரு தாளில் இருபக்கமும் எழுதி மனைவியோடு உட்கார்ந்தேன். வியப்பு என்னவெனில், “அவங்க பிள்ளைங்க படிப்பு நின்னுடுமேங்க” என்று இம்முறை பிறர் மனத்தைப் பேசியவள் அவள். கையெழுத்திடவில்லை, திருப்பிக் கேட்காத உதவியாக எங்களால் இயன்ற தொகையைப் பள்ளிக் கட்டணத்துக்குக் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொண்டார். ஆனால் முன்போல் வீட்டுக்கு வருவதில்லை. ஞாயிறு பூசைக்குப் பின் கோவில் வாசலில் அவரைக் காணும்போதெல்லாம், நானே முதலில் போய் அவர் பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கிறேன்.