எடைக்குப் போகும் எழுத்துகள்

ஆஃப்செட்டும் கணினியும் வந்தபின் மூலையில் ஒதுக்கப்பட்ட டிரெடில் அச்சு எந்திரங்களை நாட்டின் வரைகலை வடிவமைப்பாளர்கள் சிலர் தேடிச் செல்கின்றனர். ஈய எழுத்துகளையும் மர எழுத்துகளையும் கையால் கோத்துச் சுவரொட்டிகளையும் சிறு நூல்களையும் அவர்களே அச்சிட்டு வெளியிடுகின்றனர். இதற்குப் பதிப்பாளரின் ஒப்புதல் வேண்டியதில்லை. ஆயிரம் பிரதிகளும் வேண்டியதில்லை.

இதை மேலைநாட்டு மோகம் என்று ஒதுக்கிவிட இயலாது. படைப்பவரே அச்சகத்தையும் கையில் வைத்திருந்த மரபு வங்கத்தில் உண்டு. சமூகச் சீர்திருத்தவாதி ஈஸ்வர சந்திர வித்யாசாகர், நண்பர் மதன்மோகன் தர்க்காலங்காருடன் 1847-ல் சம்ஸ்கிருத அச்சகத்தைத் தொடங்கினார். கூட்டெழுத்துகள் மலிந்த வங்க மொழியை விரைந்து அச்சுக்கோக்க, எழுத்துப் பெட்டியின் அறைகளையே அவர் மாற்றியமைத்தார். அம்முறை அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

எழுத்தாளரும் ஓவியருமான உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி 1913-ல் 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழைத் தொடங்கித் தமது அச்சகத்திலேயே அச்சிட்டார். இடையில் நின்றுபோன அந்த இதழுக்கு 1961-ல் மறுவாழ்வு தந்தவர், அவருடைய பேரன் சத்யஜித் ராய். விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்து திரைத்துறைக்கு வந்தவர் அவர்.

சொந்தமாக வெளியிடும் ஒற்றைத் தாளுக்கும் அரசு அஞ்சியதுண்டு. அதே 1961-ல் 'பசித்த தலைமுறை' கவிஞர்கள் துண்டுப் பிரசுரங்களை அச்சிட்டு விநியோகிக்கத் தொடங்கினர். 1964-ல் கைதுகள் நடந்தன. ஆபாச வழக்கில் கவிஞர் மலய் ராய் சௌத்ரிக்கு 1965-ல் கீழ்நீதிமன்றம் ரூ.200 அபராதம் விதித்தது. 1967-ல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

இன்று சிக்கல் வேறு. தேய்ந்த எழுத்துகளுக்கு மாற்று வார்க்கும் பட்டறைகள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. ஆங்கில எழுத்துகளை மேலைநாடுகளில் இன்னும் வார்க்கின்றனர். இந்திய மொழிகளுக்கு அந்த வாய்ப்பு அரிது. ஒரு கூட்டெழுத்து குறைந்தாலும் வரி நின்றுவிடும். வார்ப்பு அச்சுகள் பழைய இரும்புக் கடைக்குப் போனால், புத்துயிர் பெறும் கலை ஆங்கிலத்தில் மட்டுமே பேசும் நிலை வரும்.

அச்சாகும் நூல்களின் பிரதிகள் கொல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்துக்குச் சேர வேண்டும் என்கிறது 1954-ம் ஆண்டுச் சட்டம். அந்த நூல்களை உருவாக்கிய எழுத்துகளைக் காக்க அப்படியொரு சட்டம் இல்லை. இருப்பதைக் கணக்கெடுத்துப் பாதுகாக்கும் பொறுப்பை அரசும் மொழி அமைப்புகளும் ஏற்க வேண்டும். ஒரு சில கலைஞர்களின் ஆர்வம் மட்டும் இதற்குப் போதாது.