பிள்ளையை மாட்டு டாக்டராக்க விரும்பினால்

தோட்டத்தில் நாம் மாட்டு டாக்டர் என்று கூப்பிடுகிறவரின் பதவிப் பெயர் கால்நடை வைத்திய அதிகாரி. லயத்துக்குப் பின்னால் கொட்டில் போட்டு ஒன்றிரண்டு பசு வளர்க்கும் குடும்பங்களுக்கு அவருடைய அருமை தெரியும். ஆனால் அந்த வேலைக்கு நமது பிள்ளையும் போகலாம் என்று நினைக்கும் பெற்றோர் குறைவு. "நாங்க புல்லு அறுத்தது போதாதா, பிள்ளையும் மாட்டோட மாரடிக்கணுமா?" என்று கேட்கிறார்கள்.

இது புல் அறுக்கிற வேலை அல்ல. ஓர் உதாரணம் சொல்கிறோம். நன்றாகப் பால் கறக்கும் பசு, கன்று போட்டு ஓரிரு நாளில் திடீரென்று படுத்துவிடும். எழுப்பினாலும் எழும்பாது. காது சில்லிட்டுப் போகும். தலையை வயிற்றுப் பக்கம் மடக்கி வைத்துக்கொள்ளும். கண்ணூறு பட்டுவிட்டது என்று நாம் மிளகாய் சுற்றிப் போடுவோம். உண்மையில் பால் சுரக்கத் தொடங்கியதும் இரத்தத்தில் உள்ள கல்சியம் பாலுக்குப் போய்க் குறைந்துவிடுவதுதான் காரணம். இதற்குப் பெயர் பால் காய்ச்சல், ஆனால் உடம்பு சுடாது. டாக்டர் கல்சிய மருந்தை நரம்பில் மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் பசு எழும்பிவிடும். அதே மருந்தை அவசரப்பட்டு ஏற்றினால் இதயம் நின்று மாடு செத்தும் போகலாம். இரசாயனவியல் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

இலங்கையில் இந்தப் பட்டப்படிப்பு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டுமே உண்டு. அதற்கு உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். ஆகவே முடிவு எடுக்கும் நேரம் ஏ.எல் முடிந்த பிறகு அல்ல, ஓ.எல் முடிந்த உடனேயே. இங்கேதான் நமது பிள்ளைகள் தவறிப் போகிறார்கள். பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லை என்பதற்காகவே கெட்டிக்காரப் பிள்ளையும் கலைப் பிரிவுக்குப் போய்விடுகிறது. பிறகு எவ்வளவு படித்தாலும் இந்தக் கதவு திறக்காது. கொஞ்சம் தூரமானாலும், உறவினர் வீட்டில் விட்டாவது, விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைக்கு அனுப்புவதே நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம்.

அனுமதி இசற் புள்ளியின்படி கிடைக்கிறது. இடங்களில் 40 வீதம் முழு இலங்கைக்கும் திறமைப்படியும், 55 வீதம் மாவட்டப்படியும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி ஆகியவை அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் அடங்கும். பல்கலைக்கழகப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகள் மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் படிப்பு ஆங்கிலத்தில். ஏ.எல் வரை தமிழில் படித்த பிள்ளை முதல் வருடம் திணறும். ஆங்கிலத்தை ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே கவனியுங்கள். சிங்களமும் பேசத் தெரிந்தால் வேலையில் பெரிய உதவி.

பொம்பளப் பிள்ளைக்கு இது சரிவருமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாகச் சரிவரும். மாட்டைப் பிடிக்க ஆள் இருக்கும், மருந்து கொடுக்கத்தான் டாக்டர்.

வெளிநாட்டில் டாக்டர் பட்டம் எடுத்துத் தருகிறோம் என்று ஏஜென்சிக்காரர் வந்தால், காசு கட்டும் முன் இலங்கை கால்நடை மருத்துவ சபையிடம் விசாரியுங்கள். அங்கே பதியாதவர் இங்கே தொழில் செய்ய முடியாது.

புள்ளி போதாவிட்டால் மனம் தளர வேண்டாம். குண்டசாலையில் உள்ள கால்நடை வளர்ப்புப் பாடசாலையில் டிப்ளோமா படித்து, கால்நடை அபிவிருத்தி போதனாசிரியராக வரலாம். சினை ஊசி போட வருகிறவர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான்.

இந்த வருடம் ஓ.எல் எழுதும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பெறுபேறு வந்ததும் அந்தத் தாளோடு நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். விஞ்ஞானப் பிரிவு எந்தப் பாடசாலையில் உண்டு, பஸ் வசதி எப்படி என்று விசாரித்துச் சொல்கிறோம்.