அரளி வளர்ப்போர் அறிய வேண்டியவை

நாற்கரச் சாலைகளின் நடுத்திட்டிலே, லாரிப் புகைக்கும் அக்கினி நட்சத்திர வெயிலுக்கும் ஈடுகொடுத்துக் கொத்துக்கொத்தாகப் பூத்து நிற்கும் செவ்வரளியின் இலையொன்றைப் பறித்து, அதன் அடிப்புறத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குவோமானால், அந்தச் சகிப்புத்தன்மையின் ரகசியம் புலப்படும்: காற்று வந்துபோகும் இலைத்துளைகள் யாவும் சிறுசிறு குழிகளுக்குள்ளே, நுண்மயிர்களின் மறைவில் ஒடுங்கியிருப்பதால், அனற்காற்று அவற்றின் ஈரத்தை எளிதில் கவர்ந்து செல்ல இயலுவதில்லை.

1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் ‘நீரியம் ஒலியாண்டர்’ எனப் பெயரிட்ட இச்செடிக்கு வேர், பட்டை, இலை, பூ, விதை என்று சர்வாங்கமும் விஷம். அதிலுள்ள ஒலியாண்ட்ரின் முதலிய பொருள்கள், இருதயத் தசையின் உயிரணுக்கள் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை ஏற்கும் இயக்கத்தைத் தடைசெய்து, நாடியின் கதியைக் குலைத்துவிடுகின்றன. உலர்த்தினாலும் கொதிக்கவைத்தாலும் நஞ்சு நீங்குவதில்லை. நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்கலாகாதென்று திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024-இல் தீர்மானித்தது இதுபற்றியே. ஆயினும், தலைமுறை தலைமுறையாக நம் வீட்டுக் கொல்லைகளில் பூஜைக்கென்று வளர்ந்துவந்த செடியை, அச்சத்தின் பேரில் வேரோடு களைந்தெறிவது நியாயமன்று என்பதே என் துணிபு. அதன் சுபாவத்தை அறிந்து பழகுவதுதான் வேண்டுவது.

பென்சில் பருமனுள்ள கிளையை அரையடி நீளத்திற்கு நறுக்கி, கீழிலைகளை நீக்கி, மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்த மண்ணில் ஊன்றினால் சில வாரங்களில் வேர்பிடிக்கும். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கலாகாது. புதுத்தளிரின் நுனியிலேயே மொட்டு அரும்புவதால், ஒரு பூப்பு ஓய்ந்ததும் கவாத்து செய்வது அவசியம். ஆபத்து பெரும்பாலும் அந்த வேளையில்தான் நேர்கிறது: கையுறையணிந்து வெட்டிய கிளைகளை, ஆடுமாடுகள் வாய்வைக்கும் தெருவோரத்தில் வீசிவிடாமலும், புகையும் நஞ்சாதலால் எரித்துவிடாமலும், குழிதோண்டிப் புதைத்துவிட வேண்டும். தவழும் குழந்தையுள்ள வீட்டில் அரளியை வைப்பதைச் சில ஆண்டுகள் ஒத்திப்போடுவதே உசிதம். தவறி யாரேனும் தின்றுவிட்டால், கைவைத்தியத்தில் காலத்தைக் கழிக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இத்தகைய விஷத்தையே ஆகாரமாகக் கொண்ட ஜீவன்களும் உண்டு என்பது பேராச்சரியம். பழுப்புச் சிறகின் ஓரத்தில் வெண்புள்ளிகள் வரிசையிட்ட ஒருவகை வண்ணத்துப்பூச்சியின் புழு, அரளித் தளிரைத் தின்று வளர்ந்து, இலையின் அடியிலே வெள்ளி மெருகிட்டது போன்ற கூட்டுப்புழுவாகத் தொங்கும். அதைக் கண்டு பூச்சிமருந்து தெளிக்க வேண்டியதில்லை. தின்ற இலைகளுக்கு ஈடாகச் செடி தானே மீண்டும் தளிர்த்துக்கொள்ளும்.