காத்திருப்போர் பட்டியல் வளர்த்த கார்கள்

இந்திய ஆலைகளின் கதை: பகுதி 9

இந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆகிய மூன்று உள்நாட்டு நிறுவனங்களையும் ஜப்பானின் சுசுகி வீழ்த்தியது என்பதே இந்தியக் கார் தொழிலைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. அதில் உண்மை உண்டு என்றாலும், அந்த மூன்றும் அதற்கு முன் விற்றவையும் வெளிநாட்டில் வடிவமைக்கப்பட்ட கார்களே என்பதை அது மறைத்துவிடுகிறது. வங்காளத்தின் உத்தரபாராவில் 1957 முதல் தயாரான அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் கார். மும்பை குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி, இத்தாலியின் ஃபியட் 1100. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. வெளிநாட்டு நுட்பத்தை வாங்கித் தொழில் தொடங்கிய நிறுவனங்கள், அதேபோல் வெளிநாட்டு நுட்பத்தோடு வந்த இன்னொரு நிறுவனத்தின் முன் ஏன் நிலைகொள்ள முடியவில்லை என்பதே இங்கு ஆராய வேண்டியது.

விடையின் வேர் 1953இல் இருக்கிறது. பிரித்த நிலையில் இறக்குமதியாகும் பாகங்களை இங்கு பூட்டி மட்டும் விற்கும் நிறுவனங்கள், பாகங்களையும் உள்நாட்டிலேயே செய்ய முன்வராவிட்டால் வெளியேற வேண்டும் என்று சுங்கவரி ஆணையம் பரிந்துரைக்க, அரசும் அதை ஏற்றதால் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவை விட்டுப் போயின. எஞ்சியவர்களுக்குப் போட்டி இல்லாத சந்தை கிடைத்தது. அதற்கு விலையாக, எத்தனை வண்டி செய்யலாம், எந்த இயந்திரத்தை இறக்குமதி செய்யலாம் என்பதை எல்லாம் தில்லியின் உரிமமே முடிவுசெய்யும் நிலையும் வந்தது. காரை ஆடம்பரப் பொருளாகக் கருதிய அரசு 1969இல் அதன் விற்பனை விலையையும் சட்டப்படி நிர்ணயிக்கத் தொடங்க, நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்காடின. விலைக் கட்டுப்பாடு 1975இல்தான் நீங்கியது.

தேவை மிகுந்து உற்பத்தி குறைந்த இத்தகைய சந்தையில் வரிசை உருவாவது இயல்பு. ஃபியட் காருக்குப் பதிவுசெய்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். வண்டி கைக்கு வந்ததும் அதை வாங்கிய விலைக்கு மேல் விற்க முடிந்தது. கதவு சரியாக மூடவில்லை என்று புகார் சொல்லும் வாடிக்கையாளருக்குப் பின்னால் அதே வண்டியை அப்படியே எடுத்துக்கொள்ள நூறு பேர் நின்றபோது, புகாரைக் கேட்க வேண்டிய தேவை ஆலைக்கு இருக்கவில்லை. நிர்வாகத்தின் சோம்பல் என்று மட்டும் இதைச் சொல்வது நியாயமாகாது; வருமானத்துக்கும் உற்பத்திக்கும் அரசு உச்சவரம்பு வைத்துவிட்ட இடத்தில், புது மாடலுக்குப் பணத்தைக் கொட்ட எந்த முதலாளியும் முன்வரமாட்டார்.

அந்தத் தேக்கத்தின் தடயத்தை அம்பாசிடரின் உடலிலேயே காணலாம். காரின் கதவும் மேற்கூரையும் ‘டை’ எனப்படும் கனத்த உலோக அச்சுகளுக்கு இடையே தகட்டை வைத்து அழுத்தி வடிக்கப்படுபவை; அந்த அச்சுகள் பெரும் முதலீடு என்பதோடு, ஆண்டுகள் செல்லச்செல்லத் தேய்பவையும் ஆகும். தேய்ந்த அச்சில் வடித்த தகடுகள் விளிம்போடு விளிம்பு பொருந்தாதபோது, கையால் தட்டி நிமிர்த்தும் டிங்கரிங் வேலை ஆலைக்குள்ளேயே உற்பத்தியின் பகுதியாகிவிடுகிறது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பெயர் மாறியபோதெல்லாம் பெரும்பாலும் மாறியது முன்பக்கக் கிரில்தான். இங்கிலாந்திலோ அந்த மூன்றாம் வரிசையின் இடத்தில் 1959இலேயே வேறு கார் வந்துவிட்டது. ஒருமுறை வாங்கிய வடிவமைப்போடு மூல நிறுவனத்தின் அடுத்த பத்தாண்டு அறிவும் சேர்ந்து வருவதில்லை என்பதை உரிம ஒப்பந்தம் எழுதியவர்கள் கணக்கில் கொள்ளவில்லை.

சென்னை நிறுவனத்தின் முடிவு இவற்றுள் மிகவும் வருந்தத்தக்கது. ஹெரால்டும் அதன் வழிவந்த கெஸலும் நின்றுபோன பின் சில ஆண்டுகள் வேன் போன்ற வணிக வண்டிகளை மட்டும் செய்துவந்த ஸ்டாண்டர்ட், 1985இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்ற பெரிய காரை வெளியிட்டது. அதன் உடல், ஐரோப்பாவில் 1977க்கான சிறந்த கார் விருதைப் பெற்ற ரோவர் எஸ்டி1 காருடையது. எஞ்சினோ பழைய வேன்கார்டு காரின் வழிவந்தது. நாடு முழுவதும் சிறிய, சிக்கனமான வண்டியை நாடத் தொடங்கிய நேரத்தில், பெட்ரோலைக் குடிக்கும் கனத்த காரோடு வந்த அந்நிறுவனம் 1988இல் உற்பத்தியை நிறுத்தியது.

சிக்கனமான அந்த வண்டி 1983 டிசம்பர் 14 அன்று குர்கான் ஆலையிலிருந்து வெளிவந்த மாருதி 800. அரசு 74 விழுக்காடும் சுசுகி 26 விழுக்காடும் பங்கு வைத்திருந்த மாருதி உத்யோக்கைத் தொடக்கத்தில் வழிநடத்தியவர், தஞ்சை மாவட்டத்தில் பிறந்து திருச்சி பெல் ஆலையில் பெயரெடுத்த வி. கிருஷ்ணமூர்த்தி. அங்கு சுசுகி வடிவமைப்பை விற்றுவிட்டு ஒதுங்கிவிடவில்லை. பங்குதாரராக இருந்ததால் புது மாடலும் தரக்கட்டுப்பாட்டு முறையும் பயிற்சியும் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன. 1986இலேயே மாருதி 800க்குப் புது உடல் வந்தது. 1980களின் தொடக்கத்தில் நாட்டின் மொத்தக் கார் உற்பத்தி ஆண்டுக்கு ஐம்பதாயிரத்தைக்கூட எட்டாதிருக்க, பத்தாண்டு முடிவதற்குள் மாருதி மட்டுமே லட்சத்தைத் தாண்டியது.

எனினும் இது சமமான ஆட்டம் அல்ல. 1000 சிசிக்கு உட்பட்ட, எரிபொருள் சிக்கனமுள்ள கார்களுக்கு அரசு வரிச்சலுகை வழங்கியபோது, 796 சிசி மாருதி அதற்குள் அடங்க, 1089 சிசி பத்மினி சற்றே வெளியில் நின்றது. முப்பதாண்டுகள் கைகளைக் கட்டிவைத்த அரசே, தான் பங்குதாரராக உள்ள நிறுவனத்துக்கு மட்டும் கட்டை அவிழ்த்துவிட்டது என்று பழைய நிறுவனங்கள் மனம் குமுறியிருந்தால் அதில் பிழையில்லை.

உதிரிபாகத் தொழில் மட்டும் வேறு வழியில் போனது. ஐந்தாண்டுகளுக்குள் பாகங்களில் பெரும்பாலானவற்றை உள்நாட்டிலேயே பெற வேண்டும் என்ற நிபந்தனை மாருதிக்கு இருந்தது. யென்னின் மதிப்பு 1985க்குப் பின் வேகமாக உயர்ந்து இறக்குமதிச் செலவைக் கூட்டியதால் அந்த அவசரம் இன்னும் கூடியது. ஜப்பானியத் தர அளவுகோலுக்குத் தங்களைப் பழக்கிக்கொண்ட உதிரிபாக நிறுவனங்கள் பிழைத்ததோடு வளரவும் செய்தன. தரமேலாண்மைக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை 1998இல் சென்னை சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல் முறை. வண்டலூர்க் கார் ஆலை மடிந்த அதே நகரத்தில் பாடியின் உதிரிபாக ஆலைகள் தழைத்ததைப் பார்க்கும்போது, உள்நாட்டுத் தொழிலாளிக்கோ பொறியாளருக்கோ திறமை போதவில்லை என்ற வாதம் நிற்காது.

1993இல் கார் தொழிலுக்கு உரிமமுறை நீக்கப்பட்டபின் நேர்ந்தவை விரைவாக நேர்ந்தன. பிரீமியர் முதலில் பெஜோவுடனும் பின்னர் ஃபியட்டுடனும் கைகோத்தும் தேறவில்லை. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998இல் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்து சந்தையைப் பிடித்தது. உத்தரபாரா ஆலையில் 2014 மே மாதம் வேலை நிறுத்திவைக்கப்பட்டது. அம்பாசிடர் என்ற பெயரை 2017இல் பிரான்சின் பெஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. இந்துஸ்தான் மோட்டார்ஸை நடத்திய பிர்லா குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து அது திருவள்ளூரில் கார் தயாரிக்கத் தொடங்கி, 2021இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்டியின் பெயரோ சித்ரோயன்.