ஆற்றை அறிந்த கல்லீரல்

கொமரலிங்கத்தைத் தொடும் அமராவதி, அணையை விட்டு வெகுதூரம் வந்திராத ஆறு. ராஜவாய்க்கால்களில் பிரிந்து நெல்வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் பாய்கிறது. அதே ஆறு தாராபுரம் தாண்டிக் கரூரை அடையும்போது சாயப்பட்டறை ஊரைச் சந்தித்துவிடுகிறது. இரண்டு ஊரிலும் ஒரேயளவு ஜிலேபி மீனைப் பிடித்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், எது எந்த ஊர்த் தண்ணீரில் வளர்ந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. கல்லீரலைக் கேட்டால் பதில் கிடைக்க வாய்ப்புண்டு.

கல்லீரல் செல்லின் திரவத்தில் ஒரு புரதம் காத்திருக்கிறது. பெயர் அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி. எலியின் கல்லீரலில் டயாக்சினைப் பற்றிக்கொள்ளும் இந்தப் புரதத்தை ஆலன் போலந்தும் சகாக்களும் 1976-ல் அறிவித்தார்கள். தட்டையாக, வளையங்கள் கோத்த வடிவில் வரும் மூலக்கூறுகள்தான் இதற்குப் பிடி. புகைக்கரியில் உள்ள பென்சோபைரீன், டயாக்சின், சில வகை பி.சி.பி.க்கள் எல்லாம் அந்த ரகம்.

அப்படி ஒன்று வந்து பொருந்தியதும் ஏற்பி உட்கருவுக்குள் போகிறது. அதுவரை கூடவே இருந்த துணைப் புரதங்களை உதறிவிட்டு, ஆர்ன்ட் என்ற இன்னொரு புரதத்தோடு ஜோடி சேர்கிறது. டி.என்.ஏ.வில் ஜி-சி-ஜி-டி-ஜி என்ற எழுத்து வரிசை இருக்கும் இடத்தில் இந்த ஜோடி உட்காருகிறது. சி.ஒய்.பி.1ஏ1 என்ற மரபணுவுக்கு முன்னால் இந்த வரிசை பல முறை வருகிறது. சாதாரண நாளில் ஏறக்குறைய ஊமையாகக் கிடக்கும் அந்த மரபணு சில மணி நேரத்தில் விழித்து, நஞ்சை உடைக்கும் நொதியைக் குவியலாகச் செய்யவைக்கிறது. நஞ்சு உடைந்து தீர்ந்தால் உற்பத்தியும் குறையும். வயல் கேட்கும்போது மதகைத் தூக்கி, போதுமென்றதும் இறக்கும் கணக்குத்தான். டயாக்சின் எளிதில் உடையாது. அதனால் மதகு தூக்கியபடியே நிற்கிறது. டயாக்சின் செய்யும் கேடுகளில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

உலோகத்துக்கு வேறு ஏற்பாடு. காட்மியம் உள்ளே வந்தால், மெட்டலோதயோனின் என்ற சிறு புரதம் அதைக் கவ்விக்கொள்கிறது. பாலூட்டிகளில் அதன் 61 அமினோ அமிலங்களில் 20 கந்தகம் கொண்ட சிஸ்டீன். ஒரு மூலக்கூறு 7 உலோக அயனிகளைப் பிடிக்கும். காட்மியம் பற்றிக்கொள்ளும்போது அதிலிருந்த துத்தநாகம் கழன்று விழுகிறது. அந்தத் துத்தநாகம் போய் எம்.டி.எஃப்.1 என்ற புரதத்தில் ஒட்ட, மெட்டலோதயோனின் மரபணு இன்னும் வேகமாக வேலை செய்கிறது. வந்த எதிரியை நேராகப் பார்க்காமல், அது இடம்பெயர்த்த நல்ல உலோகத்தை வைத்தே செல் ஆபத்தைப் புரிந்துகொள்கிறது. எனக்கு இதைவிட அழகான ஏற்பாடு தெரியாது.

ஆனால் சுத்தம் செய்யும் வேலையே சில நேரம் நஞ்சைக் கூர்மையாக்கிவிடும். அதைச் சாயத்தோடு வாழும் திருப்பூர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1895-ல் ஜெர்மன் அறுவைச் சிகிச்சை நிபுணர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்று வருவதை எழுதினார். நாப்தைலமீன் போன்ற அமீன்கள் அதற்குக் காரணமென்று பின்னால் தெளிவானது. அந்த அமீனைக் கல்லீரலில் முதலில் மாற்றுவது சி.ஒய்.பி.1ஏ2 என்ற நொதி. அதன் மரபணுவையும் எழுப்புவது அதே அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பிதான். மாறிய அமீன் சிறுநீர்ப்பைக்குப் போய் அங்குள்ள செல்களின் டி.என்.ஏ.வில் ஒட்டுகிறது. அசோ சாயங்கள் சில உடைந்தால் இத்தகைய அமீன்கள் வெளிவரும். அதனால் ஜெர்மனி 1994-ல் அந்தச் சாயங்களுக்குத் தடை கொண்டுவந்தது, இந்தியா 1997-ல் தன் தடைப் பட்டியலை விரிவாக்கியது. ஏற்றுமதிக்குப் போகும் பனியன் துணிக்கு நடக்கும் அசோ சோதனை தேடுவது இந்த அமீன்களைத்தான்.

துணிக்குச் சோதனை இருப்பது போல ஆற்றுக்கும் இருக்கிறது. மீனின் கல்லீரலை அரைத்து எத்தாக்சிரெசோருஃபின் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். சி.ஒய்.பி.1ஏ நொதி இருந்தால் அதன் ஓரத்தில் உள்ள எத்தில் துண்டை வெட்டும். மிஞ்சும் ரெசோருஃபின், உரிய ஒளியில் இளஞ்சிவப்பாக ஒளிர்கிறது. ஒளிர்வை அளந்தால், மீனின் உடலுக்குள் அந்த ரக நஞ்சு எவ்வளவு வேலை செய்தது என்று தெரியும்.

இதை மட்டும் நம்பிவிடக் கூடாது. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றைக் கெடுத்ததில் உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பின்னால், அந்த உப்பு பாழாக்கிய கிணறுகளும் வயல்களும் ஒரத்துப்பாளையம் அணையும் இருந்தன. உப்புக்கு இந்த ஏற்பியிடம் பொருந்தும் வடிவம் கிடையாது.

மீனே மாறிவிடும் சங்கடமும் இருக்கிறது. அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் பல பத்தாண்டுகள் பி.சி.பி. கலந்தது. அங்கு வாழும் டாம்காட் மீன்களில் ஏற்பியின் இரண்டு அமினோ அமிலங்கள் இல்லாமல் போயிருப்பதை 2011-ல் கண்டார்கள். அந்த ஏற்பி நஞ்சைச் சரியாகப் பற்றுவதில்லை, அதனால் மீன் பிழைக்கிறது. அந்த மீனின் கல்லீரலில் ஒளிர்வு குறைவாக இருந்தால் ஆறு சுத்தம் என்று அர்த்தமாகாது. இதற்கு ஆய்வாளர்கள் கையாளும் வழி, கெட்ட இடத்து மீனைப் பிடிக்காமல் நல்ல தண்ணீரில் வளர்ந்த மீனை வலைக்கூண்டில் கொண்டுபோய் அங்கே விடுவது. சில நாள் கழித்து எடுத்துச் சோதிப்பார்கள். அமராவதிக்கு அப்படிச் செய்வதென்றால், கூண்டுக்கான மீனைக் கரூருக்கு மேலே, அணையை ஒட்டிய இந்தக் கொமரலிங்கம் பகுதியிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு கூண்டு இங்கேயே, இன்னொன்று கரூருக்குக் கீழே.