ஏப்பத்தை அளக்கும் பெட்டி

மாட்டின் இடது விலாவுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். அதில் முஷ்டியை அழுத்திக்கொண்டு நின்றால், உள்ளே வயிறு புரண்டு கையை வெளியே தள்ளும். நிமிஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை. தாராபுரம் பக்கத்துக் கிராமங்களில் முப்பத்திரண்டு வருஷம் மாட்டு டாக்டராக இருந்த எனக்கு, எந்தக் கொட்டத்துக்குப் போனாலும் இதுதான் முதல் வேலை.

ஏப்பம் நின்றுபோன மாட்டையும் பார்த்திருக்கிறேன். ஒரு மார்கழி ராத்திரி, இளம் பயறுக்கொடியை வயிறுமுட்டத் தின்றுவிட்டு ஒரு சினைமாடு தவில்போல உப்பிக் கிடந்தது. வயிற்றைத் துளைக்கும் ட்ரோக்காரை இறக்கினேன். புஸ்ஸென்று காற்று கிளம்பியது. புளித்த வைக்கோலின் நெடி. அடுத்த சில நிமிஷத்தில் மாடு தலையைத் தூக்கியது. அந்தக் காற்றில் பெரும்பங்கு கரியமில வாயு, அடுத்தது மீத்தேன்.

அசைபோடும் உயிர்களின் முதல் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் புல்லை நொதிக்க வைக்கின்றன. அப்போது ஹைட்ரஜன் மிஞ்சுகிறது. அதை அங்கேயே குடியிருக்கும் இன்னொரு கூட்டம் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்குகிறது. ஏறக்குறைய முழுவதும் வாய் வழியாக ஏப்பமாகவே வெளியேறும். தின்ற தீனியின் சக்தியில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு இப்படிக் காற்றோடு போய்விடும். நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தை மீத்தேன் பிடித்துவைக்கிறது. ஆனால் பன்னிரண்டு வருஷம் போல்தான் வானில் தங்கும். அதனால் இன்று குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும்.

மகள் வீட்டுக்கு நியூசிலாந்தின் டனீடன் நகருக்குப் போயிருந்தபோது, பக்கத்துச் செம்மறிப் பண்ணைக்குக் கூட்டிப்போனாள். ஒரு டிரெய்லர் மேல் வரிசையாகப் பன்னிரண்டு பெட்டிகள். மேய்ச்சலிலிருந்து நேராக ஓட்டி வந்த ஆடுகளைப் பெட்டிக்கு ஒன்றாக ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள்.

"மூச்சு முட்டாதா கண்ணு?" என்றேன்.

"ஒரு மணி நேரம்கூட இல்லம்மா. ஆக்சிஜனையும் அளந்துக்கிட்டேதான் இருப்பாங்க."

ஒரு இளம்பெண் கருவியோடு பெட்டி பெட்டியாக நடந்து உள்ளே சேர்ந்த வாயுவைக் குறித்துக்கொண்டாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஒரே மந்தை, ஒரே புல், ஒரே வயசு. அடுத்தடுத்த பெட்டிகளின் எண்கள் ஒத்துப்போகவே இல்லை. முப்பத்திரண்டு வருஷம் வயிற்றைத் தொட்டுப் பார்த்த எனக்கு இந்த வித்தியாசம் கைக்குத் தட்டுப்பட்டதில்லை.

நியூசிலாந்தின் பசுங்குடில் வாயுக்களில் ஏறக்குறையப் பாதி விவசாயத்திலிருந்து வருகிறது. 2003இல் இதைக் குறைக்கும் ஆராய்ச்சிக்குக் கால்நடை மேல் வரி போட அரசு நினைத்தபோது, விவசாயிகள் கொதித்தார்கள். ஒரு எம்.பி. நாடாளுமன்றப் படிகளில் டிராக்டரையே ஏற்றினார். பத்திரிகைகள் அதைக் 'குசு வரி' என்றன. வாயில் வருவதற்கு அந்தப் பெயர் பொருந்தவே இல்லை. வரி கைவிடப்பட்டது, ஆராய்ச்சி நிற்கவில்லை. அக்ரிசர்ச் நிறுவனத்து விஞ்ஞானிகள் மீத்தேன் அதிகம் விடும் ஆடுகளை ஒரு வம்சமாகவும், குறைவாக விடுபவற்றை இன்னொரு வம்சமாகவும் பிரித்து வளர்த்தார்கள். மூன்று தலைமுறையில், ஒரே அளவு தீனிக்கு இரண்டு வம்சங்களுக்கும் இடையே சுமார் 10 சதவீத வித்தியாசம் வந்துவிட்டது. 2019இல் கிடா வளர்ப்போர் பார்த்துத் தேர்ந்தெடுக்க மீத்தேனுக்கான மரபு மதிப்பும் வெளியானது.

இப்படித் தேர்ந்தெடுத்தால் மீத்தேன் வருஷத்துக்கு ஒரு சதவீதம் போலத்தான் குறையும். அதைச் சொற்பம் என்று நான் சொல்ல மாட்டேன். மீத்தேனைக் குறைக்கும் தீவன மருந்தை நிறுத்தினால் அதன் பலனும் நின்றுவிடும். மலைச்சரிவில் அலையும் ஆட்டுக்குத் தினம் மருந்து கொடுப்பதும் ஆகாத காரியம். ரத்தத்தில் ஏறிய குணம் குட்டிக்குப் போகும், அதன் குட்டிக்கும் போகும்.

மீத்தேன் குறைவாக விடும் இந்த ஆடுகளுக்கு முதல் வயிறு சிறியது, தின்றது சீக்கிரம் கீழே இறங்கிவிடுகிறது. நொதிக்க நேரம் குறைவு, ஆகவே மீத்தேனும் குறைவு. எனக்கு உறுத்துவதும் அதுதான். டனீடனின் இளம்புல்லுக்கு அந்த வயிறு போதும். சோளத்தட்டையையும் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லையும் தின்று கோடையைத் தாண்ட வேண்டிய எங்கள் மேச்சேரி ஆட்டுக்கு, தீனியை வெகுநேரம் ஊறவைக்கும் பெரிய வயிறுதான் உயிர். அந்தக் கிடாவை இறக்குமதி செய்து இங்கே சேர்த்தால் போதும் என்று யாராவது கிளம்பினால் குறுக்கே நின்று தடுப்பேன். அளவெடுப்பது நம் ஆடுகளில், நம் தீனியில் நடக்க வேண்டும்.

கறவை மாட்டுக்குப் பெட்டிகூட வேண்டாம் என்று கனடா காட்டியிருக்கிறது. பாலில் கொழுப்பும் புரதமும் பார்க்க ஒளிக்கதிர் செலுத்துகிறார்களே, அதே சோதனையிலிருந்து மீத்தேனைக் கணித்து, 2023 முதல் ஹோல்ஸ்டீன் காளைகளைத் தரம் பிரிக்கிறார்கள்.

டனீடன் பண்ணைக்காரரிடம் கேட்டேன்: குறைந்த மீத்தேன் கிடாவுக்குக் கூடுதல் விலை கிடைக்கிறதா? இன்னும் இல்லை என்றார். வாங்க வருபவர் கறியையும் குட்டிக் கணக்கையும்தான் கேட்கிறாராம். பிறகு ஏன் இந்த மெனக்கெடு என்றதற்கு, அளக்காமல் விட்டால் எந்தக் கிடாவை நிறுத்திக்கொள்வது என்று தன் மகனுக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டார்.

நேரம் முடிந்தது. கதவுகளைத் திறந்தார்கள். பெட்டை ஆடுகள் குதித்து இறங்கி மேட்டில் ஏறின. கடைசியில் இறங்கியது மட்டும் வேலியோரம் படுத்து அசைபோட ஆரம்பித்தது. மெல்லப் போய் உட்கார்ந்து, அதன் இடது பள்ளத்தில் கையை வைத்தேன். வயிறு புரண்டது.